தீர்ப்பு வந்தது 1954-ல், பள்ளிக் கதவு திறந்தது எப்போது?

அமெரிக்க நிறவெறியைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: "1954-ல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழித்தது." கூடவே 1957-ல் லிட்டில் ராக் நகரில் ராணுவ வீரர்கள் காவலுடன் பள்ளிக்குள் போன பிள்ளைகளின் படமும் இருக்கும். தீர்ப்பு வந்தது, ராணுவம் வந்தது, பிரச்சினை தீர்ந்தது என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும்.

ஒரே ஒரு எண்ணைப் பாருங்கள். தீர்ப்பு வந்து ஏறக்குறைய 10 ஆண்டுகள் ஆன பிறகு, 1963-64 கல்வியாண்டில், தெற்கிலுள்ள 11 மாநிலங்களில் வெள்ளைப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படித்த கறுப்பினப் பிள்ளைகள் 100-க்கு 1 பேர்தான். சரியாகச் சொன்னால் 1.2 விழுக்காடு. அப்படியானால் 1954-ல் ஒழிந்தது எது?

அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். நீதிபதிகளின் பெயர்களும் வழக்கறிஞர்களின் பெயர்களும் புத்தகங்களில் இருக்கின்றன. ஆனால் வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் சின்னச் சின்ன ஊர்களில் இருந்த பெற்றோர்கள்: பெட்ரோல் பங்க் ஊழியர், விடுதி அறைகளைச் சுத்தம் செய்யும் பெண், குத்தகை விவசாயி. சட்ட நுணுக்கங்களை விட்டுவிட்டு, காரியம் எப்படி நடந்தது என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலில் இருந்த ஏற்பாடு

கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, வெள்ளைப் பிள்ளைகளுக்கு வேறொரு பள்ளி என்று அரசே நிறம் பார்த்துப் பிரித்து வைப்பதுதான் இனப் பிரிவினை. 1896-ல் ரயில் பெட்டி தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒப்புதல் கொடுத்திருந்தது. தனித்தனியாக வைக்கலாம், ஆனால் வசதி சமமாக இருக்க வேண்டும் என்பது விதி. அதன் முதல் பாதியை ஊர்கள் இம்மி பிசகாமல் கடைப்பிடித்தன. இரண்டாம் பாதியை யாரும் கண்டுகொள்ளவில்லை.

1954-க்கு முன் 17 மாநிலங்களில் சட்டமே பிரிக்கச் சொன்னது. இன்னும் 4 மாநிலங்கள் ஊரின் இஷ்டத்துக்கு விட்டிருந்தன. மற்ற இடங்களில் அப்படிச் சட்டம் கிடையாது. ஆனால் பழக்கம் பல ஊர்களில் இருந்தது. இந்தக் கடைசி வகையைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். தெற்கு மோசம், வடக்கு நல்லது என்று கதையைச் சுருக்கிவிடுவதால் வரும் கோளாறு அது.

இன்னொரு விஷயம் நமக்குப் புதிது. இங்கே அரசுப் பள்ளி என்றால் மாநிலக் கல்வித் துறையின் கீழ் இருக்கும். அங்கே ஓர் ஊருக்கோ, சில ஊர்கள் சேர்ந்த பகுதிக்கோ தனியாக ஒரு பள்ளி நிர்வாகம் உண்டு. அந்தப் பகுதிக்குப் பள்ளி மாவட்டம் என்று பெயர். அதை நடத்தும் உள்ளூர்க் குழு பள்ளி வாரியம். ஆசிரியர் நியமனம், பஸ், எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போவது எல்லாம் வாரியத்தின் கையில். சின்ன ஊரில் அந்த வாரிய உறுப்பினர்தான் மரம் அறுக்கும் ஆலையின் முதலாளியாகவும் இருப்பார்; அவருடைய நண்பர் வங்கி நடத்துவார். இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

கேட்டது ஒரு பஸ்

தென் கரோலினா மாநிலத்தில் கிளாரண்டன் கவுண்டி. கவுண்டி என்பது மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பகுதி. அதில் சம்மர்டன் என்று ஒரு சிற்றூர். 1947-ல் அங்கே வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பள்ளிப் பேருந்துகள் ஓடின. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. மைல் கணக்கில் நடந்து போனார்கள். பெற்றோரே காசு போட்டு ஒரு பழைய பஸ் வாங்கினார்கள். அது அடிக்கடி நின்று போனது. ஜே. ஏ. டிலெய்ன் என்ற போதகர், ஆசிரியரும்கூட, ஊர்க்காரர்களைத் தூண்டினார். லீவாய் பியர்சன் என்ற விவசாயி தன் பிள்ளைகளுக்காக பஸ் கேட்டு மனு கொடுத்தார். அவ்வளவுதான் கோரிக்கை.

வாரியம் மறுத்தது. 1948-ல் பியர்சன் வழக்குப் போட்டார். அவருடைய நிலம் வேறு பள்ளி மாவட்டத்தில் வரி கட்டுகிறது என்ற காரணத்தைச் சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டார்கள். ஊரில் அவருக்குக் கடன் கொடுப்பது நின்றது. அறுவடை இயந்திரம் வாடகைக்குக் கொடுக்க ஆள் இல்லாமல் விளைந்த பயிர் வயலிலேயே வீணானது.

தனி மனிதராகப் போனால் இப்படித்தான் மடக்குவார்கள் என்பது புரிந்தது. எனவே அடுத்த முறை பல பெற்றோர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். இந்த முறை பஸ் மட்டும் இல்லை, எல்லாமே சமமாக வேண்டும் என்று கேட்டார்கள். 1949-50 கல்வியாண்டில் அந்தக் கவுண்டியில் ஒரு வெள்ளைப் பிள்ளைக்குச் செலவானது 179 டாலர். ஒரு கறுப்பினப் பிள்ளைக்கு 43 டாலர். பட்டியலில் முதலில் இருந்தது ஹாரி பிரிக்ஸின் பெயர். கடற்படையில் வேலை பார்த்துத் திரும்பி, பெட்ரோல் பங்கில் இருந்தவர். அவருக்கு வேலை போனது. விடுதியில் வேலை பார்த்த மனைவி எலைசாவுக்கும் வேலை போனது. பிரிக்ஸ் பிழைப்புத் தேடி ஃபுளோரிடாவுக்குப் போக வேண்டி வந்தது. போதகர் டிலெய்னின் வீடு 1951-ல் எரிந்தது. தீயணைப்பு வண்டி வந்தது. ஆனால் வீடு ஊர் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று சொல்லி அணைக்கவில்லை.

"கறுப்பினப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகள் வெள்ளைப் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள்" என்று ஒரு பேச்சு உண்டு. அது உண்மையில்லை. அவர்கள் கேட்டது பஸ், விறகுக்குப் பஞ்சமில்லாத அடுப்பு, மழை ஒழுகாத கூரை, கிழியாத புத்தகம். வெள்ளைப் பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்குத்தான் பணம் போகிறது என்று அனுபவத்தில் தெரிந்தது. அதே பள்ளிக்குள் தங்கள் பிள்ளைகளும் போனால்தான் பணமும் வந்து சேரும். என்.ஏ.ஏ.சி.பி. என்ற உரிமை அமைப்பின் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல், சமமாகக் கொடு என்று கேட்பதை நிறுத்தி, பிரிப்பதே தவறு என்று வாதாடலாம் என்ற முடிவுக்கு வந்தார். சம்மர்டன் வழக்கு அந்தத் திசையில் திரும்பியது. அரசே நிறம் பார்த்துப் பிரித்ததைக் கலைத்து ஒரே பள்ளி அமைப்பாக ஆக்குவதைத்தான் பிரிவினை நீக்கம் என்கிறோம்.

கோர்ட்டில் ஜெயித்தால் இடம் கைக்கு வருமா?

இந்த வழக்கு, வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் என்ற இன்னொரு சிற்றூர் வழக்கு, கேன்சஸிலிருந்து வந்த வழக்கு என்று பலவற்றைச் சேர்த்து விசாரித்துத்தான் உச்ச நீதிமன்றம் 1954 மே 17-ல் தீர்ப்புச் சொன்னது. கேன்சஸ் வழக்கின் பெயரே மொத்தத்துக்கும் நின்றுவிட்டதால் பிரவுன் தீர்ப்பு என்கிறார்கள். பொதுப் பள்ளிகளில் பிரிவினை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்பது தீர்ப்பு. ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். இதில் குழப்பம் எதுவும் இல்லை.

குழப்பம் அடுத்த அடியில். நம் பக்கம் சிவில் வழக்கு நடத்திப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் இடத்தில் சுவர் எழுப்பிவிட்டார். வருஷக்கணக்கில் அலைந்து தீர்ப்பு வாங்குகிறீர்கள். சுவர் தானாக விழுந்துவிடாது. நிறைவேற்று மனு என்று தனியாக ஒன்று போட வேண்டும், அப்புறம் அமீனா வர வேண்டும். அதுவும் உங்கள் சுவர் ஒன்றுக்குத்தான். அடுத்த தெருவில் இதேபோல ஆக்கிரமித்தவர் உங்கள் தீர்ப்பைப் பேப்பரில் படித்துவிட்டு, "என் மேல் யாரும் கேஸ் போடவில்லையே" என்று காலாட்டிக்கொண்டு இருக்கலாம். அங்கே இடத்தைப் பறிகொடுத்தவர் தன் பங்குக்குத் தானே வழக்குப் போட வேண்டும். உங்கள் தீர்ப்பு அவருக்கு முன்தீர்ப்பாக, அதாவது நீதிபதி பின்பற்ற வேண்டிய வழிகாட்டியாக, உதவும். வழக்கை அவருக்காக நடத்திக் கொடுக்காது.

பிரவுன் தீர்ப்பும் இப்படித்தான். வழக்கில் பெயர் இருந்த வாரியங்களைத்தான் அது நேரடியாகக் கட்டுப்படுத்தியது. மற்ற ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் ஒரு குடும்பம் எழுந்து நின்று, பெயர் போட்டு, தன் ஊர் வாரியத்தின் மேல் வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. யாரும் தொடுக்காத ஊரில் எதுவும் மாறவில்லை.

போதாததற்கு, எப்படி நிறைவேற்றுவது என்று உச்ச நீதிமன்றம் 1955 மே மாதம் இரண்டாவதாக ஒரு தீர்ப்புச் சொன்னது. தேதி குறிக்கவில்லை. "நிதானம் கலந்த வேகத்தில்" செய்யுங்கள் என்று சொல்லி, மேற்பார்வையை அந்தந்தப் பகுதியின் கூட்டரசு நீதிமன்றங்களிடம், அதாவது அமெரிக்க மத்திய அரசின் கீழ் நீதிமன்றங்களிடம், விட்டது. வாரியங்கள் நிதானத்தை எடுத்துக்கொண்டன, வேகத்தை விட்டுவிட்டன. அதே ஆண்டு சம்மர்டன் வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பி வந்தபோது, அங்கிருந்த நீதிபதிகள் ஒரு விளக்கம் கொடுத்தார்கள்: அரசியல் சட்டம் பிள்ளைகளைச் சேர்த்து வைக்கச் சொல்லவில்லை, பாகுபாடு காட்டாதே என்று மட்டும்தான் சொல்கிறது. கேட்க நியாயம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அடுத்த 13 ஆண்டுகள் வாரியங்கள் தப்பித்துக்கொண்டது இந்த ஒரு வாக்கியத்தின் நிழலில்தான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பிரிவினை சட்டவிரோதம் என்று 1954-ல் முடிவானது. அதை ஊர் ஊராக அமலாக்கும் பொறுப்பு பெற்றோர் தலையில் விழுந்தது. கெடு எதுவும் இல்லை. வழக்குப் போட்டவருக்கு வேலை, கடன், வீடு எல்லாம் எதிர்த்தரப்பின் கையில் இருந்தது.

ஹில்ஸ்பரோவின் அம்மாக்கள்

ஒஹாயோ வடக்கு மாநிலம். அங்கே பள்ளிப் பிரிவினை 1887-லேயே சட்டப்படி போய்விட்டது. ஆனாலும் சின்சினாட்டிக்குக் கிழக்கே இருக்கும் ஹில்ஸ்பரோ என்ற சிற்றூரில் 1954-ல் மூன்று தொடக்கப் பள்ளிகள்: வெப்ஸ்டர், வாஷிங்டன் இரண்டும் வெள்ளையருக்கு, லிங்கன் பள்ளி கறுப்பினப் பிள்ளைகளுக்கு. லிங்கன் பள்ளி பழைய கட்டடம். மற்ற பள்ளிகளில் தேய்ந்து போன புத்தகங்கள் அங்கே வரும். வேடிக்கை என்னவென்றால், தொடக்கப் பள்ளி முடிந்து மேல் வகுப்புக்குப் போனால் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகத்தான் படித்தார்கள். அதாவது 13 வயதில் சேர்ந்து உட்காரலாம், 7 வயதில் கூடாது.

பிரவுன் தீர்ப்பு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 5 அதிகாலையில் லிங்கன் பள்ளி தீப்பிடித்தது. வைத்தவர் பிலிப் பார்ட்ரிட்ஜ் என்ற வெள்ளைக்காரர், கவுண்டியின் பொறியாளர். கட்டடம் போனால் வாரியம் பிள்ளைகளைச் சேர்த்துத்தானே ஆக வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒப்புக்கொண்டு சிறைக்கும் போனார். கணக்குத்தான் தப்பிவிட்டது. வாரியம் கட்டடத்தைப் பழுது பார்த்து அதே பிள்ளைகளுக்குத் திறந்தது.

செப்டம்பரில் அம்மாக்கள் பிள்ளைகளை வெப்ஸ்டர் பள்ளிக்குக் கூட்டிப் போனார்கள். வாரியம் அவசரமாக ஒரு வேலை செய்தது: ஊரைச் சேர்க்கை எல்லைகளாகப் பிரித்தது. எந்தத் தெருவில் வீடு இருந்தால் எந்தப் பள்ளி என்று வரைபடத்தில் போடும் கோடுதான் சேர்க்கை எல்லை. தன்னளவில் அதில் தவறு ஏதும் இல்லை. எல்லா ஊரிலும் இருப்பதுதான். ஆனால் லிங்கன் பள்ளிக்கான எல்லையைப் பார்த்தால் சங்கதி வெளிச்சம். ஊரின் இரண்டு வேறு மூலைகளில், ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு துண்டுகள். அந்தத் துண்டுகளுக்குள் இருந்தவை கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த தெருக்கள். வெப்ஸ்டர் பள்ளி வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்க, அதைத் தாண்டி லிங்கனுக்கு நடக்க வேண்டும். நிறம் என்ற சொல் அந்த ஆவணத்தில் எங்கேயும் இல்லை.

அம்மாக்கள் லிங்கனுக்கு அனுப்ப மறுத்தார்கள். பள்ளி நாள் காலையில் பிள்ளைகளுக்குத் தலை சீவி, நல்ல உடுப்பு போட்டு, கூட்டமாக வெப்ஸ்டர் பள்ளி வாசல் வரை நடப்பார்கள். "உங்களுக்கு லிங்கன்தான்" என்ற பதில் வரும். திரும்பி நடப்பார்கள். மழை, பனி எல்லாவற்றிலும் இப்படியே கிட்டத்தட்ட இரண்டு பள்ளி ஆண்டுகள். வீட்டுக்கு வந்த பிறகு சமையலறை மேசையே வகுப்பு. அருகிலிருந்த வில்மிங்டன் கல்லூரியிலிருந்தும் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினரிடமிருந்தும் சொல்லிக் கொடுக்க ஆட்கள் வந்தார்கள். இமோஜின் கர்ட்டிஸ், கெர்ட்ரூட் கிளெமன்ஸ் போன்றவர்கள் இதை முன்னால் நின்று நடத்தினார்கள். வாரியத்தின் மேல் வழக்கும் போட்டார்கள். அதன் பெயரே கிளெமன்ஸ் வழக்கு.

தினமும் திருப்பி அனுப்பப்படுவதற்கு எதற்குப் போக வேண்டும், கேஸ் போட்டாகிவிட்டதே என்று தோன்றலாம். அந்த நடைக்கு ஒரு வேலை இருந்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத குற்றம் பெற்றோர் மேல் விழக்கூடாது. நாங்கள் அனுப்புகிறோம், நீங்கள்தான் சேர்க்க மறுக்கிறீர்கள் என்பது ஊரறியப் பதிவாக வேண்டும். அந்த வாசலில் நடந்த ஒவ்வொரு மறுப்பும் ஒரு சாட்சி.

நீதிமன்றத்தில் வாரியம் சொன்ன காரணம் இடப் பற்றாக்குறை. புதுக் கட்டடம் கட்டுகிறோம், முடிந்ததும் சேர்த்துக்கொள்கிறோம் என்றது. கீழ் நீதிமன்ற நீதிபதி ஏற்றுக்கொண்டார். பெற்றோர் தரப்பில் வாதாடியவர்களில் ஒருவர் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி. பிற்காலத்தில் அமெரிக்கக் கூட்டரசு நீதிபதியான முதல் கறுப்பினப் பெண். மேல்முறையீட்டில் 1956 ஜனவரியில் தீர்ப்பு மாறியது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்ததும் பிள்ளைகள் உள்ளே போனார்கள். அதிலும் பலரைப் பின்தங்கிவிட்டார்கள் என்று சொல்லி ஒரு வகுப்பு கீழே உட்கார வைத்தார்கள். இரண்டு ஆண்டு போராடி ஜெயித்த பிள்ளைக்குக் கிடைத்த வரவேற்பு அது. எனக்கு இந்தக் கதையில் எரிச்சல் அடங்காத இடம் இதுதான்.

பள்ளியையே பூட்டிவிட்டால்?

ஃபார்ம்வில் ஊரின் கறுப்பின உயர்நிலைப் பள்ளி 180 பேருக்குக் கட்டியது. 1951-ல் அதில் 450-க்கும் மேல். இடம் போதாமல் பக்கத்தில் தார் அட்டை ஒட்டிய கொட்டகைகள் போட்டிருந்தார்கள். பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி, தலைமை ஆசிரியரை ஏதோ காரணம் சொல்லி வெளியே போக வைத்துவிட்டு, அத்தனை பேரையும் அரங்கில் கூட்டி வேலைநிறுத்தம் அறிவித்தாள். அவர்கள் கேட்டது புதுக் கட்டடம். வந்த வழக்கறிஞர்கள், பிரிவினையையே எதிர்ப்பதாக இருந்தால்தான் வழக்கை எடுப்போம் என்றார்கள். இரவுக் கூட்டங்களில் பேசிப் பெற்றோர் சம்மதித்தார்கள். அப்படித்தான் அது பிரவுன் தீர்ப்பில் ஒரு பகுதியானது.

1959-ல் சேர்த்தே ஆக வேண்டும் என்ற உத்தரவு வந்தபோது, ஃபார்ம்வில் இருக்கும் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியின் நிர்வாகம் வேறு வழி கண்டுபிடித்தது. பொதுப் பள்ளிகள் எல்லாவற்றையும் பூட்டியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஒன்று தொடங்கி, அதற்கு அரசுப் பணத்திலிருந்து கட்டண உதவியும் கிடைத்தது. சுமார் 1,700 கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளியே இல்லை. சிலரை வேறு ஊரில் உறவினர் வீட்டில் விட்டார்கள், சிலர் தேவாலய அடித்தளங்களில் கொஞ்சம் படித்தார்கள், பலர் வேலைக்குப் போய்விட்டார்கள். 1964-ல் உச்ச நீதிமன்றம் திறக்கச் சொன்னது. நிதானம் ரொம்ப அதிகமாகிவிட்டது, வேகம் போதவில்லை என்று தன் பழைய சொற்களையே அந்தத் தீர்ப்பில் குத்திக்காட்டியது. 5 ஆண்டு என்பது ஒரு பிள்ளைக்கு 1-ஆம் வகுப்பிலிருந்து 5-ஆம் வகுப்பு வரை.

படிவம் என்ற பொறி

1964-ல் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. பாகுபாடு காட்டும் பள்ளிக்குக் கூட்டரசின் பணம் கிடையாது என்பது அதில் ஒரு பிரிவு. நீதிமன்றத்துக்குப் பயப்படாத வாரியங்கள் பணத்துக்குப் பயந்தன. அதற்காக அவர்கள் கொண்டுவந்ததுதான் விருப்பத் தேர்வுத் திட்டம்: பெற்றோர் ஒரு படிவத்தில் எந்தப் பள்ளி வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம். யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும். பார்க்கப் பரம நியாயம். சம்மர்டன் வழக்கில் சொன்ன அந்த வாக்கியத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

மிசிசிப்பியில் ட்ரூ என்ற ஊர்ப் பக்கம் பருத்தித் தோட்டத்தில் மேத்யூ கார்ட்டர், மே பெர்த்தா கார்ட்டர் என்ற தம்பதி, 13 பிள்ளைகள். விளைச்சலில் பங்கு கொடுத்துப் பிழைக்கும் குத்தகைக் குடும்பம். 1965-ல் படிவம் வந்தபோது அதை அப்படியே நம்பி, பள்ளி வயதில் இருந்த பிள்ளைகளை வெள்ளையர் பள்ளிகளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். தோட்டத்துக் கண்காணி வந்து திரும்பப் பெறச் சொன்னார். வீட்டின் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. குண்டுக்குப் பயந்து தரையில் படுத்துத் தூங்கினார்கள். கடைக் கடன் நின்றது, பிறகு தோட்டத்தை விட்டே வெளியேற வேண்டி வந்தது. பள்ளியில் பிள்ளைகளுடன் யாரும் பேச மாட்டார்கள், பக்கத்து இருக்கையில் உட்கார மாட்டார்கள். இதைப் பார்த்த பிறகு ஊரில் வேறு எந்தக் கறுப்பினக் குடும்பம் அந்தப் படிவத்தை நிரப்பும்? ஆண்டுக்கணக்கில் அந்தப் பள்ளிகளில் கார்ட்டர் பிள்ளைகள் மட்டுமே இருந்தார்கள். கடைசியில் அவர்களும் வழக்குத்தான் போட்டார்கள். 1969-ல் அந்த ஊரில் விருப்பத் தேர்வு முடிவுக்கு வந்தது.

சரி, பொறி எங்கே இருக்கிறது? படிவத்தில் இல்லை. தேர்ந்தெடுப்பவருக்கு அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதில் இருக்கிறது. வாரியம் எதையும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தாலே போதும். பிரிவினையைக் கட்டியது வாரியம், கலைக்க வேண்டியது மட்டும் பெற்றோர்.

சுமை கைமாறிய ஆண்டு

வர்ஜீனியாவில் நியூ கென்ட் என்ற கிராமப்புறக் கவுண்டி. மொத்தம் இரண்டே பள்ளி: கிழக்கே நியூ கென்ட் பள்ளி வெள்ளையருக்கு, மேற்கே வாட்கின்ஸ் பள்ளி கறுப்பினத்தவருக்கு. மாணவர்கள் சுமார் 1,300 பேர். வீடுகள் நிறம் பார்த்துப் பிரிந்திருக்கவில்லை. இருவரும் கவுண்டி முழுக்கக் கலந்தே வாழ்ந்தார்கள். கிழக்கில் இருப்பவர் கிழக்குப் பள்ளி, மேற்கில் இருப்பவர் மேற்குப் பள்ளி என்று ஒரு கோடு போட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் 21 பஸ்கள் ஒரே சாலைகளில் ஒன்றையொன்று தாண்டிப் போய், இந்த வீட்டுப் பிள்ளையை அந்தக் கோடிக்கும் அந்த வீட்டுப் பிள்ளையை இந்தக் கோடிக்கும் ஏற்றிக்கொண்டு போயின. பிரிவினையை நீக்கத்தான் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி அலைக்கழித்தார்கள் என்று பின்னாளில் பெரிய புகார் எழுந்தது. இந்த மாதிரி ஊர்களில் பிரித்து வைக்கத்தான் பஸ் அலைந்தது என்பதை யாரும் சொல்வதில்லை.

உள்ளூர் என்.ஏ.ஏ.சி.பி. தலைவராக இருந்த கால்வின் கிரீன் தன் மகன் பெயரில் வழக்கைக் கொண்டுபோனார். வழக்கு வந்த பிறகு வாரியம் விருப்பத் தேர்வைக் கொண்டுவந்தது. மூன்று ஆண்டுகளில் ஒரு வெள்ளைப் பிள்ளைகூட வாட்கின்ஸ் பள்ளியைத் தேர்ந்தெடுக்கவில்லை. கறுப்பினப் பிள்ளைகளில் 85 விழுக்காட்டினர் அங்கேயே இருந்தார்கள். 1968 மே மாதம் உச்ச நீதிமன்றம், இது போதாது என்றது. உண்மையில் பலன் தரக்கூடிய, இப்போதே பலன் தரக்கூடிய ஒரு திட்டத்தோடு வர வேண்டியது வாரியத்தின் கடமை என்றது. கதவைத் திறந்து வைத்தேன், யாரும் வரவில்லை என்று இனி சொல்ல முடியாது. அதோடு ஒரு பார்வைப் பட்டியலும் கிடைத்தது: மாணவர்கள், ஆசிரியர்கள், ஊழியர்கள், பஸ், விளையாட்டு முதலான பிற செயல்பாடுகள், கட்டட வசதி. இவற்றில் எதைப் பார்த்தாலும் இது வெள்ளைப் பள்ளி, இது கறுப்புப் பள்ளி என்று சொல்ல முடியாத நிலை வர வேண்டும். அடுத்த ஆண்டு மிசிசிப்பி வழக்கு ஒன்றில் இனிமேல் காலம் கடத்தக்கூடாது, உடனே என்றும் சொல்லிவிட்டது.

ஆக, 1954 தீர்ப்பு பிரிவினை தவறு என்றது; 1968 தீர்ப்பு அதைக் கலைப்பது யார் வேலை என்று சொன்னது. தெற்கில் எண்கள் கிடுகிடுவென மாறியது இரண்டாவதற்குப் பிறகுதான். பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு தேதிதான் போட இடம் இருக்கிறது என்றால் நான் 1968-ஐப் போடுவேன்.

சேர்ந்தபோது இழந்தது

வெற்றிக் கணக்கில் இது வருவதில்லை. இரண்டு பள்ளிகளை ஒன்றாக்கும்போது, பெரும்பாலும் மூடப்பட்டது கறுப்பினப் பள்ளிதான். அதன் பெயர், அணியின் நிறம், கோப்பைகள் எல்லாம் போயின. ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் வேலை இழந்தார்கள், அல்லது தலைமை ஆசிரியராக இருந்தவர் உதவியாளராக இறங்கினார். வெள்ளைப் பிள்ளைக்குக் கறுப்பின ஆசிரியர் பாடம் எடுப்பதைப் பல வாரியங்கள் விரும்பவில்லை என்பதுதான் காரணம்.

மறுபக்கம், பல ஊர்களில் வெள்ளைக் குடும்பங்கள் பொதுப் பள்ளியை விட்டே போய்விட்டன. சம்மர்டன் பள்ளிக்குள் முதல் கறுப்பினப் பிள்ளைகள் நுழைந்தது 1965-ல். பியர்சன் பஸ் கேட்டு 18 ஆண்டுகள் கழித்து. அதே ஆண்டு அங்கே ஒரு தனியார் பள்ளி தொடங்கியது. கொஞ்ச காலத்தில் பொதுப் பள்ளியில் வெள்ளைப் பிள்ளைகளே இல்லை என்ற நிலை வந்தது. பியர்சன், டிலெய்ன், பிரிக்ஸ் தம்பதி ஆகியோருக்கு 2004-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். வாங்க ஒருவரும் உயிரோடு இல்லை.

2016-ல் வந்த செய்தி

மிசிசிப்பியில் கிளீவ்லாந்து என்ற சிற்றூரில் பள்ளிப் பிரிவினையை நீக்க நீதிமன்றம் உத்தரவிட்டது என்று 2016 மே மாதம் செய்தி வந்தது. "இன்னுமா அங்கே தனிப் பள்ளி?" என்று பலர் பகிர்ந்தார்கள். சட்டப்படி தனிப் பள்ளி 1969-லேயே முடிந்துவிட்டது. நடந்தது வேறு.

அங்கே பெற்றோர்கள் வழக்குப் போட்டது 1965-ல். இப்படிப்பட்ட வழக்குகள் தீர்ப்போடு முடிவதில்லை. பிரிவினையின் சுவடு போகும் வரை நீதிமன்றம் வாரியத்தைக் கண்காணித்துக்கொண்டே இருக்கும். இதற்கு நீதிமன்ற மேற்பார்வை என்று பெயர். ஊரை இரண்டாகப் பிரித்த ரயில் பாதையின் கிழக்கே ஈஸ்ட் சைடு உயர்நிலைப் பள்ளி. ஏறக்குறைய எல்லாரும் கறுப்பினப் பிள்ளைகள். மேற்கே கிளீவ்லாந்து உயர்நிலைப் பள்ளி. அதில் இரு தரப்பும் கிட்டத்தட்டப் பாதிப் பாதி. பிள்ளைகள் விரும்பிய பள்ளிக்குப் போகலாம் என்ற ஏற்பாடு இருந்தது. கிழக்குப் பள்ளியை வெள்ளைக் குடும்பங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. நியூ கென்ட் கதையேதான். எனவே தீர்வும் அதேதான். இரண்டையும் ஒன்றாக்கச் சொன்னார் நீதிபதி. ஈஸ்ட் சைடின் பெயரும் பெருமையும் போய்விடுமே என்று வருந்திய கறுப்பினப் பெற்றோரும் அங்கே இருந்தார்கள்.

2017 ஆகஸ்டில் கிளீவ்லாந்து சென்ட்ரல் என்ற பெயரில் ஒரே உயர்நிலைப் பள்ளி திறந்தது. 1965-ல் மனுதாரர்களாக இருந்த பிள்ளைகள் அப்போது தாத்தா பாட்டி வயதில் இருந்தார்கள்.